இலுப்பூர் தாண்டியும் கை மாறாத வேல்

எனக்கு அறுபத்தெட்டு வயது. எழுத்துப் படித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. அங்கே போய் உட்கார்ந்து படித்தேன். இப்போது போனில் ஒரு விரலால் தட்டி எழுதுகிறேன். ஒரு பத்தி முடிக்க ஒரு காலைப் பொழுது ஆகிவிடுகிறது. ஒவ்வொரு சொல்லும் திரையில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதும்போது நடுவில் கை நின்றுவிடுகிறது. ஏன் என்று படித்தால் தெரியும்.

எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். வருடாவருடம் பங்குனி உத்திரத்துக்கு ஊரிலிருந்து ஒரு கூட்டம் மாலை போட்டு விராலிமலை முருகனுக்கு நடந்து போகும். ஊரிலிருந்து புதுக்கோட்டை ஒன்பது கிலோமீட்டர். அங்கிருந்து அன்னவாசல் பதினாறு, அடுத்து இலுப்பூர் பத்து, கடைசியாக விராலிமலை பதினைந்து. மொத்தம் ஐம்பது கிலோமீட்டர், இரண்டரை நாள் நடை. இந்த வருடம் நாங்கள் பதினான்கு பேர். ஆண்கள் ஆறு, பெண்கள் எட்டு. அரிசி, பாத்திரம், பாய் எல்லாம் ஏற்ற ஒரு மினி வேன். மூன்று நாளைக்கு வாடகை ஆறாயிரத்து ஐநூறு ரூபாய், டீசல் உட்பட.

கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் வேல் தூக்கிப் போவார். பித்தளை வேல், ஆள் உயரம், ஏழு கிலோ எடை. அதற்கு எங்கள் ஊரில் மூன்று கட்டுப்பாடு உண்டு. வேல் தரையில் படக் கூடாது. இரவில் மட்டும் நெல் நிரப்பிய அண்டாவில் நிறுத்துவோம். அடுத்தது, ஒரு பயணத்தில் ஒருவர் கைக்கு ஒரு முறைதான். தூக்கி முடித்துக் கொடுத்தவர் மறுபடி தொடக் கூடாது. மூன்றாவதாக, மலையேறிச் சன்னிதிவரை யார் கொண்டுபோகிறாரோ அவருக்குத்தான் பட்டும் மாலையும். ஊர் திரும்பிய பிறகும் அந்த வருடம் முழுக்கத் திருநீறு அவர் வீட்டுக்குத்தான் முதலில் போகும்.

கடைசி ஆள் யார் என்பதில்தான் எல்லாச் சண்டையும். போன வருடம் என் தம்பி மகன் ராசுவும் என் அக்கா மகன் சொக்கலிங்கமும் அடிவாரத்தில் வைத்து வேலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்தது, ராசுவுக்கு நெற்றியில் காயம். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் வந்து இரண்டு பேரையும் விலக்கி, அடுத்த வருடம் இப்படி நடந்தால் உங்கள் ஊர்க் கூட்டத்தையே மேலே விடமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு வேல் ஏதோ கீழே படாமல் தப்பியது.

பட்டிருந்தால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். பல வருடம் முன்பு மாணிக்கம் என்பவர் கையிலிருந்து அன்னவாசல் அருகே வேல் நழுவி விழுந்தது. அந்த வருடம் மழை பொய்த்தது. ஊரில் ஆடு செத்தாலும் மாணிக்கம், போர் தண்ணீர் வற்றினாலும் மாணிக்கம். எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள். கடைசியில் அவர் திருப்பூரில் மகள் வீட்டுக்கே போய்விட்டார். சாமி அவரைத் தண்டித்ததா என்று எனக்குத் தெரியாது. ஊர் தண்டித்ததைப் பார்த்தேன்.

யார் எப்போது வேல் தூக்குவது என்று முறை சொல்லி அனுப்புகிற ஊர்ப் பெரியவருக்கு இந்த வருடம் காலில் ஆபரேஷன். கூட்டத்தில் வயதில் மூத்தவன் நான். ராசுவா சொக்கலிங்கமா என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒருவன் தம்பி பிள்ளை, ஒருவன் அக்கா பிள்ளை. யாரைச் சொன்னாலும் ஒரு வீட்டு வாசல் எனக்கு அடைபடும். பயந்துகொண்டு, வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். புதுக்கோட்டை தாண்டியதும் எனக்கு ஒரே கொண்டாட்டம். இதே ரோட்டில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். இந்தத் தடவைதான் பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தேன். டயர் கடை, நர்சரி, திருமண மண்டபம், ஒன்றையும் விடவில்லை. சித்தன்னவாசல் பிரியும் இடத்தில் பலகையைப் பார்த்துச் சத்தம் போட்டுப் படித்தேன். என் மனைவி அழகம்மாள், "கண்டக்டர் வேலைக்குப் போகப் போறீகளா?" என்று கேட்டாள்.

மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும், பாதி நேரம் உறவுமுறைதான் வாயில் வரும். குறை சொல்லவும் கூடாது. எங்கள் கூட்டத்தில் சாப்பாட்டையோ படுத்த இடத்தையோ யாராவது குறை சொன்னால், அடுத்த வேளைக்கு அவர்தான் எல்லாருக்கும் பரிமாற வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். முதல் நாள் மத்தியானத்துக்குள் ஐந்து பேர் சிக்கிவிட்டார்கள். அழகம்மாள் மட்டும் பயணம் முடிவதற்குள் மூன்று முறை பரிமாறினாள். "உப்புமாவுல உப்பு இல்லேன்னு சொல்லல. உப்பு எங்கன்னு கேட்டேன், அதுவும் குத்தமா?" என்றாள். குத்தம்தான் என்று தீர்ப்பானது.

இரண்டாம் நாள் மத்தியானம் இலுப்பூர் சேர்ந்து ஒரு சத்திரத்தில் தங்கினோம். ஆளுக்கு இருபது ரூபாய், தண்ணீர் வசதி உண்டு. அதுவரை மூன்று பேர் வேல் தூக்கி முடித்திருந்தார்கள். மீதி நான், சொக்கலிங்கம், ராசு. மிச்சம் பதினைந்து கிலோமீட்டர். ஆளுக்கு ஐந்து என்று வைத்தால் கணக்குச் சரி.

மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்குப் பூசை போட்டு அண்டாவிலிருந்து வேலை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். பெண்கள் பால்குடங்களைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். உச்சிகாலப் பூசைக்குள் பால் போய்ச் சேர வேண்டும். சோறு பொங்குவதற்காக வேன் முன்னாலேயே விராலிமலைக்குப் போய்விட்டது, அண்டாவோடு.

முதல் ஐந்து கிலோமீட்டர் சுகமாக நடந்தேன். ஆறரை மணிக்கு ஒரு புளியமரத்தடி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அங்கேதான் கை மாற்ற வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி நின்றார்கள்.

"ராசு சாமி வாங்குவாரு மாமா," என்றான் சொக்கலிங்கம்.

"வயசுல மூத்த சாமி அவருதான் பெரியப்பா. அவரு மொதல்ல வாங்கட்டும்," என்றான் ராசு.

"ஏன் மாப்ள, டிராக்டர் ஸ்டியரிங் புடிச்ச கைதானே. அஞ்சு கிலோமீட்டருக்கு வலிச்சிருமா?"

"சிங்கப்பூர்ல கிரேன் ஓட்டுன கை மச்சான் ஒங்க கை. பாரம் ஒங்களுக்குத்தான் பழக்கம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இப்போது வாங்குகிறவன் அடுத்த நிறுத்தத்தில் கொடுத்தாக வேண்டும். அதோடு அவன் முறை முடிந்தது. மலைக்குக் கொண்டுபோவது மற்றவன். ஆகவே யார் வாங்கினாலும் வாங்கினவன் தோற்றான். இரண்டு பேரும் வாங்க மாட்டார்கள். முன்பே தூக்கினவர்களைப் பார்த்தேன். ஒருவர் மெதுவாக, "நாங்க தொட்டா ரெண்டு பேரும் எங்க மேலதான் பாய்வாங்க சித்தப்பா," என்றார். பெண்கள் தலையில் குடம்.

வேறு வழி இல்லை. நடந்தேன்.

இந்த ரோட்டில் நடக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்கு மேல் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் வரத் தொடங்கும். ஒன்று கடந்து போனால் அதன் காற்றே ஆளைத் தள்ளும். வேலின் மேலே எலுமிச்சம்பழமும் மயிலிறகுக் கட்டும் இருப்பதால் காற்று அதைப் பிடித்து இழுக்கிறது. ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் நின்று, இரண்டு கையாலும் வேலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வலது தோள் மரத்துப் போனது. இடதுக்கு மாற்றினேன். கை வேர்த்து வழுக்கியது. மாணிக்கத்தின் முகம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அவருக்கும் இப்படித்தான் கை வேர்த்திருக்கும்.

எழுத்துத் தெரியாத காலத்தில் கிலோமீட்டர் கல் வெறும் கல். இப்போது அதைப் படிக்கத் தெரியும். விராலிமலை ஒன்பது. எவ்வளவோ நேரம் நடந்த மாதிரி இருக்கும். விராலிமலை எட்டு. படிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று முதல் முறையாக நினைத்தேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. என் வயதுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வேல் கையில் இருக்கும்போது ஒன்றுக்கு ஒதுங்க முடியாது. தண்ணீர் குடிக்கவும் பயம். அழகம்மாள் ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாட்டிலை நீட்டினாள். நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டேன்.

வழியில் ஒரு பெண் பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்தாலும் வாங்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏன் தாத்தா, அம்புட்டுத் தூரத்துல இருந்து நீங்களேதான் தூக்கிட்டு வாரீங்க. மத்த ஆம்பளைகளுக்குக் கையில என்ன?" என்று கேட்டார். ராசு செருப்பில்லாத காலைப் பார்த்தான். சொக்கலிங்கம் டம்ளரை வைத்துவிட்டு முன்னால் நடந்தான்.

வாயைத் திறந்து நான் ஒரு குறையும் சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லாத குறை இல்லை. என் தம்பியைத் திட்டினேன், அக்காவைத் திட்டினேன், காலில் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவரைக்கூட விடவில்லை. மனசுக்குள் சொன்ன குறைக்குப் பரிமாறச் சொன்னால் இந்த வருடம் முழுக்க நானே பரிமாற வேண்டியிருக்கும்.

விராலிமலை ஐந்து என்ற கல் தாண்டியதும் மலை தெரிந்தது. மேலே கோபுரம் சின்னதாக, வெள்ளையாக. பெண்கள் அரோகரா போட்டார்கள். அப்போது ஒரு விஷயம் நடந்தது. தோள்வலி போய்விட்டது. கால் தானாக எட்டிப்போட்டது. சாமியின் கருணை என்று நினைத்துக் கொஞ்ச தூரம் போனேன்.

பக்கத்தில் வந்த அழகம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, நடை மாறிருச்சு," என்றாள்.

"மலை தெரியுதுல்ல."

"மலை எல்லாருக்குந்தான் தெரியுது. ஒங்களுக்கு மட்டும் நெஞ்சு நிமிந்திருச்சு."

அவள் சொன்ன பிறகுதான் என் மனசு என்ன செய்துகொண்டிருந்தது என்று கவனித்தேன். அது எழுதிக்கொண்டிருந்தது. 'இலுப்பூரிலிருந்து விராலிமலை வரை, அறுபத்தெட்டு வயதில், நான் ஒருவனே தூக்கினேன்.' இந்தக் கட்டுரையைத்தான். இதே போனில் போடப்போவதை, யார் யார் படிப்பார்கள் என்பதுவரை யோசித்தாகிவிட்டது. இரண்டு பேரும் வாங்கவில்லை, நானே மேலே கொண்டுபோனால் யார் கேட்க முடியும்? பட்டு என் தலையில். திருநீறு முதலில் என் வீட்டுக்கு. வேல் விழுந்துவிடுமோ என்று காலையிலிருந்து பயந்தவனுக்கு, இப்போது வேலை விட மனசில்லை.

லாரிக்குப் பயந்ததைவிட இதற்கு அதிகம் பயந்தேன். லாரி வருவது காதில் கேட்கும்.

ரோட்டோரம் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். வேலின் அடியை என் இடது பாதத்தின் மேல் நிறுத்தி, தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மணி ஒன்பதே முக்கால். கூட்டம் நின்றது. முன்னால் போயிருந்த சொக்கலிங்கம் திரும்பி வந்தான்.

"முடியலையா மாமா?"

"முடியுது. அதுதான்டா பயமா இருக்கு," என்றேன். "எனக்கு ஆசை வந்திருச்சு. இன்னும் கொஞ்ச தூரம் போனா ஒங்க ரெண்டு பேருக்கும் குடுக்க மாட்டேன். நானே மேல கொண்டு போயிருவேன். அப்புறம் நம்ம மூணு பேரு அடிச்சுக்கணும்."

வெயில் கல்லில் ஏறிவிட்டது. என் பாதத்தின் மேல் வேல் கனத்தது. எதிர்க் காட்டிலிருந்து மயில் ஒன்று ரோட்டைத் தாண்டி, எங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனது. பெண்களில் ஒருத்தி, "பாலு திரிஞ்சிரப் போகுது," என்றாள், குறையாக இல்லாமல், தனக்குள்ளே சொல்வது போல. சொக்கலிங்கம் ராசுவைப் பார்த்தான். ராசு மலையைப் பார்த்தான். இதோ சண்டை வரப்போகிறது, போன வருடம் அடிவாரத்தில் நடந்தது இங்கே நடக்கப் போகிறது, என் மடியிலேயே இழுபறி, வேல் கீழே விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அழகம்மாள்தான் பேசினாள். "இவரு பட்டு கட்டிட்டு வந்தா ஊரு தாங்காது. நான் சுத்தமாத் தாங்க மாட்டேன். யாராவது வாங்கித் தொலைங்கப்பா."

ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னொருவர். ராசு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். என் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினான். "குடுங்க பெரியப்பா. வெயிலு ஏறுது," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவன் வாங்கியதும் நான் முதலில் செய்த காரியம் பாலத்துக்குக் கீழே இறங்கியது. அதற்கு மேல் அதை விவரிக்க வேண்டாம்.

திரும்பி வந்தபோது கூட்டம் கொஞ்ச தூரம் போயிருந்தது. ராசு முன்னால் வேலோடு. மோர்ப் பந்தலிலிருந்து எல்லாருக்கும் முன்னால் நடந்த சொக்கலிங்கம் இப்போது அவனுக்குப் பின்னால். லாரி வரும்போதெல்லாம் ரோட்டுப் பக்கமாகப் போய் ராசுவை மறைத்து நின்றான். நான் பார்த்தேன்.

பதினொன்றே காலுக்கு அடிவாரம். போன வருடம் சட்டை கிழிந்த அதே இடம். ராசு நின்று வேலை நீட்டினான். சொக்கலிங்கம் கை நீட்டவில்லை.

"மாப்ள, நீயே..." என்று ஆரம்பித்தான்.

"புடிங்க மச்சான், பேசிக்கிட்டு நிக்காம. எனக்கும் பெரியப்பா மாதிரி பாலத்துக்கு அடியில வேலை இருக்கு," என்றான் ராசு.

சொக்கலிங்கம் வாங்கிக்கொண்டான். இருநூறுக்குச் சற்று அதிகமான படிகள். பின்னால் பெண்கள் பால்குடத்தோடு ஏறினார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறியதால் சன்னிதிக்குப் போகும்போது அவன் தலையில் பட்டு ஏறியிருந்தது. அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். பால் திரியவில்லை. வேல் கீழே படவில்லை. ராசு கடைசி வரிசையில் நின்று தீபாராதனை பார்த்தான். அவன் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இந்த வருடம் திருநீறு சொக்கலிங்கம் வீட்டுக்குத்தான் முதலில் போகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இலுப்பூரிலிருந்து காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள், லாரிகளுக்கு முன் பாதி தூரம் போய்விடலாம். முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள், புதுக்கோட்டை சைக்கிள் கடையில் முப்பது ரூபாய். பங்குனியில் வெறுங்காலோடு நடக்கப் போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் தார் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணுக்கு வந்துவிடுங்கள். இந்த மலையில் சாமிக்குச் சுருட்டுப் படைப்பது வழக்கம், அந்த வேண்டுதல் இருந்தால் அடிவாரத்திலேயே வாங்குங்கள். மயிலுக்கு எதுவும் போடாதீர்கள், பின்னாலேயே வரும். திரும்பும்போது பஸ் ஏறினால் புதுக்கோட்டைக்கு முப்பத்தைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வேல் தூக்குகிற வழக்கம் உங்கள் ஊரிலும் இருந்தால், யாருக்கு எந்த முறை என்பதை மாலை போடும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொல்லப் பயமாக இருக்கிறதா, திருவுளச் சீட்டு எழுதிப் போடுங்கள். வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். வழியில் வெயிலும் லாரியும் ஆசையும்தான் இருக்கும். அவற்றுக்கு நியாயம் தெரியாது.

அடுத்த வருடம் முறை சொல்ல என்னைத்தான் கேட்பார்கள். அதை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. ஆனால் சொல்லிவிடுவேன்.

இதை எழுதி முடித்ததும் அழகம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். பாலத்தில் உட்கார்ந்த இடத்தை நன்றாக நீட்டி எழுதியிருந்தேன், என் அடக்கத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி. அந்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"தூக்குனதுக்கு மாலை கிடைக்கல. உக்காந்ததுக்கு ஒண்ணு கேக்குறீகளாக்கும்," என்றாள்.

அந்தப் பத்தியை எழுத மூன்று காலைப் பொழுது ஆகியிருந்தது. அழித்துவிட்டேன்.